பிரேக் சாரின் சி.ஆர்.பி.

பிரேக் சாருக்கு மாரடைப்பு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் தலை நரைக்கும் வரை கற்றுக்கொடுத்தவர் அவர். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அது காலடியிலேயே இருந்தும், "பிரேக்! பிரேக்! பிரேக்கப் போடுங்க, என்னக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று கத்துவதில்தான் அவருக்கு நம்பிக்கை. பட்டப்பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயரை மனைவியே மறந்துவிட்டாள் என்று பள்ளியில் கிண்டல் செய்வார்கள்.

அன்று மைதானத்தில் ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் "ஐயோ, நெஞ்சு... நெஞ்சு..." என்றார். கற்றுக்கொள்ள வந்தவர் அதையும் வழக்கமான திட்டு என்று நினைத்துக்கொண்டு, வண்டியை அழகாக இரண்டு கோட்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தார். பாராட்டு வரவில்லை, திட்டும் வரவில்லை. அப்போதுதான் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். பிரேக் சார் கண்ணாடி ஜன்னலில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, வேர்த்து ஒழுகி, வாழ்க்கையில் முதல்முறையாக அமைதியாக இருந்தார்.

ஆம்புலன்ஸ் வந்தது. அடைத்துப்போன ரத்தக்குழாயை விரித்து, ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை உள்ளே வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். சிகரெட்டை அன்றோடு விட்டார். கொழுப்புக்கு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, காலையில் நடை. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது இதய டாக்டர் ரத்த முடிவுகளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அதிகம் பேசாத பெண்மணி. அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ வில்லங்கம் என்று பிரேக் சாரின் மனைவிக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"கொழுப்பு நல்லா குறைஞ்சிருக்கு. ஆனா சி.ஆர்.பி. ஏழுல நிக்குது. மூணுக்கு மேல போனாலே எங்களுக்குப் பிடிக்காது."

"அது என்ன டாக்டர், புதுசா?" என்றாள் மனைவி.

"கல்லீரல்ல உண்டாகுற ஒரு புரதம். உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறும். அட்டாக் வந்த கையோட எல்லாருக்கும் ஏறத்தான் செய்யும். இவ்வளவு நாளாகியும் இறங்கலன்னா உள்ள எங்கயோ புகைஞ்சுகிட்டே இருக்குன்னு அர்த்தம். அப்படி இருக்கறவங்களுக்கு மறுபடி அட்டாக் வர்ற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். எங்க புகையுதுன்னு மட்டும் அது சொல்லாது. நாமதான் தேடணும். மூட்டு வலி உண்டா? தோல்ல அரிப்பு, புண்ணு? இருமல்? பல்லு, ஈறு?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்" என்றார் பிரேக் சார், சத்தியம் செய்யாத குறையாக. அதைச் சொல்லும்போதே அவருடைய நாக்கு கீழ்வரிசைக் கடைசிப் பல்லின் குழிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடமாக அதுதான் அதன் வீடு. வலது பக்கம் மெல்லுவதையே அவர் விட்டுவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் நாலு கிராம்பு இருக்கும். ஸ்டென்ட் வைக்கும்போது கண்ணைத் திறந்துகொண்டு திரையில் தன் இதயத்தையே வேடிக்கை பார்த்த மனிதர்தான். ஆனால் பல்லைக் குடைகிற அந்த மெஷினின் கிர்ர் சத்தத்தை நினைத்தாலே அவர் வாயை இறுக மூடிக்கொள்வார்.

டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டி, எடையைக் குறைக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி ஜிம் நடத்துகிறவன். ஒரு அறைக்குள் முதலில் அவன் நெஞ்சு வரும், பிறகுதான் அவன் வருவான். காலையில் பச்சையாக எதையோ அரைத்துக் குடித்துவிட்டு நாள் முழுக்க அதைப் பற்றியே பேசுவான். உடம்பைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கிடையாது, தெரியாது என்று சொல்லத்தான் தெரியாது.

"அழற்சின்னா என்னக்கா? எரிச்சல். எரிச்சல்னா என்ன? கோவம்! தமிழ்லயே இருக்கு பாரு. டாக்டர் நாசூக்கா சொல்லியிருக்காங்க, உனக்குப் புரியல. மாமா கத்திக் கத்தியே ரத்தத்தக் கொதிக்க வச்சிருக்காரு. இனிமே வீட்டுல யாரும் அவருக்குக் கோவம் வர்ற மாதிரி ஒண்ணும் செய்யக் கூடாது. ஒரு எதிர்ப்பேச்சு கூடாது."

அக்கா அப்படியே பிடித்துக்கொண்டாள். கணவனைத் திரும்பவும் அந்த ஐ.சி.யூ. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பார்க்க அவளால் ஆகாது.

அவள் தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். தண்ணி வரல, வந்தா நாறுது, குழாய் உடைஞ்சு தெருவெல்லாம் ஓடுது என்று ஊரே அவள் காதில் வந்து கத்தும். அங்கே வாங்கியதை எல்லாம் சாயங்காலம் வீட்டில் இறக்கிவைப்பாள். அதற்குப் பிரேக் சார் பதிலுக்குக் கத்துவார். அந்த வீடு அப்படித்தான் வருடக்கணக்காகச் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது திடீரென்று அவள் ஆபீஸ் குரலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஏம்மா, என் துண்டு எங்க?"

"உங்க தேவை புரியுதுங்க. இதோ, உடனே கவனிக்கிறேன்."

முதல் வாரம் அவருக்குத் திகிலாக இருந்தது. தான் சாகப்போகிறோம், அதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றுகூட நினைத்தார். இரண்டாவது வாரம் விஷயம் பிடிபட்டது. மூன்றாவது வாரத்திலிருந்து ராஜாவாகிவிட்டார். டிவி ரிமோட் அவர் கைக்கு வந்தது. ஆம்லெட்டின் மொறுமொறு ஓரம் அவர் தட்டுக்கு வந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று மனைவி மெதுவாக ஆரம்பித்தால் போதும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஏறுது... ஏறுது..." என்பார். அவள் உடனே ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிட்டுப் போய்விடுவாள். மைத்துனன் சாயங்காலம் வந்து, அவரைத் தரையில் உட்காரவைத்து, ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் மூச்சை விடச் சொல்வான். அவர் அதிலேயே தூங்கிவிடுவார்.

மனைவி விழுங்கிய கோபம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? போன் செய்தவர்கள் தலையில் விழுந்தது. "நாலு நாளா தண்ணி இல்லம்மா" என்று ஒரு பெரியவர் அழாத குறையாகச் சொன்னபோது, "குளிக்காம யாராவது செத்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டாள். ஒரு மாதத்தில் புகார்ப் பிரிவுக்கு அவளைப் பற்றியே புகார்கள் வர ஆரம்பித்தன. அவற்றையும் அவள்தான் பதிந்துகொண்டாள்.

இதற்கிடையில் மைத்துனன் தன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தான். சி.ஆர்.பி. புள்ளி ஆறு. ஒன்றுகூட இல்லை. அதைப் போனில் படமெடுத்து, ஜிம்முக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். "ரத்தம் இல்லடா இது, பன்னீர்" என்றான். அவனுடைய அப்பாவும் பெரியப்பாவும் ஐம்பதைத் தாண்டாமல் நெஞ்சுவலியில் போனவர்கள் என்பதை யாராவது நினைவுபடுத்தினால், "அவங்க காலத்துல புரோட்டீன் பவுடர் இல்ல" என்பான்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒம்பது."

மனைவி கைப்பையை மேஜைமேல் வைத்தாள். பிறகு மெதுவாக, ஆபீஸ் குரலில் ஆரம்பித்தாள். "டாக்டர், மூணு மாசமா நான் இவர ஒரு வார்த்தை சொல்லல. குழாய் சொட்டுது, சொல்லல. சாக்ஸ சோபாவுக்கு அடியில திணிக்கிறாரு, சொல்லல. என் அம்மாவ வாத்துன்னு சொன்னாரு, சிரிச்சேன்." ஆபீஸ் குரல் இந்த இடத்தில் கழன்று விழுந்தது. "இவ்வளவும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன், இந்தாளு ரத்தம் ஒம்பதுக்கு ஏறுதா? எனக்கு வெடிக்கணும் டாக்டர், இவருக்கு இல்ல!"

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டர். "எதுக்கு அடக்குனீங்க?"

"நீங்கதானே கோவப்படக் கூடாதுன்னு..."

"நான் எப்ப சொன்னேன்?"

மனைவி மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய இதயப் படத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

டாக்டர் அதற்குமேல் சுற்றி வளைக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "வாயைத் திறங்க."

"வாயில ஒண்ணும்..."

"திறங்க."

போலீஸிடம் லைசென்ஸ் காட்டுகிறவன்போல அவர் வாயை ஓர் ஓரமாகத் திறந்தார். டாக்டர் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்க பல் டாக்டரப் பாத்து எத்தன வருஷம் ஆச்சு?"

"வாராவாரம் பாக்குறேனே டாக்டர். அவங்களுக்கு நான்தான் கார் ஓட்டச் சொல்லித் தர்றேன்."

இதுவரை சிரித்தே பார்த்திராத டாக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் கிராம்பு வாசன?" என்றாள். "திருட்டுத்தனமா சிகரெட் குடிச்சிட்டு அத மறைக்கறதுக்குன்னு நினைச்சு நான் உங்க சட்டைய எல்லாம் மோந்து பாத்துக்கிட்டிருக்கேன்! வெறும் பல்லா?"

அவர் சொன்னது பொய்யில்லை. பல் டாக்டரம்மா நிஜமாகவே அவரிடம் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும் அம்மாள். வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிடுவார். காற்று பிடிக்கும்போல என்று பிரேக் சார் நினைத்திருந்தார்.

மறுநாளே மனைவி அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பல் டாக்டரம்மா வாசலிலேயே நின்று வரவேற்றார். வெள்ளைக் கோட்டில் ஆளே வேறு. கை நடுக்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

"வாங்க சார். எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முதல் கிளாஸ்லயே சொல்லலாம்னு நினைச்சேன். நீங்க வாய மூடினாத்தானே சொல்றதுக்கு?"

நாற்காலியில் சாய்த்தார்கள். மேலே வட்ட விளக்கு எரிந்தது. ஊசி போட டாக்டரம்மா கையை உயர்த்தியதும் பிரேக் சாரின் வலது கால் நாற்காலியின் பாதப் பலகையை ஓங்கி மிதித்தது.

"சார், அங்க பிரேக் இல்ல" என்றார் பல் டாக்டரம்மா. "கால தளர்த்துங்க. தோளத் தொங்கப் போடுங்க. எங்க பாக்குறீங்க? நேரா பாருங்க, நேரா!"

மனைவி சுவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

பல் டாக்டரம்மா அவசரப்படவில்லை. இதய டாக்டரிடம் முன்பே பேசி, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நிறுத்தாமலே எடுக்கலாம், தையல் போட்டுப் பஞ்சை நன்றாகக் கடிக்க வைத்தால் போதும் என்று முடிவு செய்திருந்தார். பல் மரத்துப் போனதும் குறடு உள்ளே போனது. ஏதோ முறுக்குகிற மாதிரி இருந்தது, ஏதோ நெரிந்தது, அவ்வளவுதான். கிர்ர் சத்தமே இல்லை. வெளியே வந்த பல்லின் வேரில் ஒரு சீழ்ப்பை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு மனைவி, "இதோடதான் இவ்வளவு நாள் என்கூடப் படுத்தீங்களா?" என்றாள். வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு ஈறுகளைச் சுத்தம் செய்ய நாலைந்து தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் பாதப் பலகையை மிதித்தார்.

அடுத்த பரிசோதனையில் சி.ஆர்.பி. இரண்டரை.

"பல்லுதான் காரணமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"இருக்கலாம். மாத்திரையைக் கூட்டினோம், எடை குறைஞ்சிருக்கு, சிகரெட்டும் இல்ல. எது எவ்வளவு குறைச்சதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப இனிமே அட்டாக் வராதா?" இது பிரேக் சார்.

டாக்டர் யோசித்துப் பதில் சொன்னார். "இது ஜோசியம் இல்ல சார். இந்த மாதிரி நம்பர் உள்ள நூறு பேர எடுத்துக்கிட்டா அதுல எத்தன பேருக்கு வரலாம்னு சொல்லும். அந்த நூறுல நீங்க எந்த ஆளுன்னு சொல்லாது. முன்ன இருந்ததவிட இப்ப நல்ல கூட்டத்துல நிக்கறீங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பது அவருக்குப் போதவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே குளியலறைக் குழாயைச் சரிசெய்தார். மனைவி பழையபடி கத்த ஆரம்பித்திருந்தாள். பேருக்கு அவளும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றுக்கும் கீழேதான் இருந்தது. அன்றோடு அந்த வீட்டில் கோபத்துக்கு மருத்துவ அனுமதி கிடைத்துவிட்டது.

சில வாரம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் மைத்துனன் பயிற்சிப் பள்ளிக்கு வந்தான். மாடிப்படி ஏறி வந்தவன் தாடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தான்.

"மாமா, அந்தப் பல் டாக்டரம்மா நம்பர் குடுங்க. உங்க பல்லுவலி எனக்கு ஒட்டிக்கிச்சு."

பிரேக் சாருக்குக் குஷி தாங்கவில்லை. "வா மச்சான் வா! பன்னீர் ரத்தத்துக்குப் பல்லுவலியா? பாத்து, உள்ள போனதும் கால மிதிக்காத, அங்க பிரேக் கிடையாது" என்று சிரித்தார். போனில் நம்பரைத் தேடிக்கொண்டே கேட்டார்: "எந்தப் பல்லு?"

"தெரியல மாமா. மொத்தமா கீழ்த்தாடை. நாலு நாளா இருக்கு. எடை தூக்கும்போது வரும், உக்காந்தா போயிடும். இப்பக்கூட உங்க மாடி ஏறினேன், வந்திடுச்சு. இதோ, குறையுது."

பிரேக் சாரின் விரல் போனில் நின்றது. இரண்டு வருடம் ஒரு சொத்தைப் பல்லோடு குடித்தனம் நடத்தியவர். அது உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் வலிக்கும், ஐஸ் பட்டால் உயிர் போகும். மாடி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போகிற பல்லுவலியை அவர் பார்த்ததில்லை. நிமிர்ந்து பார்த்தார். மைத்துனனின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மின்விசிறி நேராக அவன் தலைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

"கை வலிக்குதா?"

"இடது தோள் லேசா. அது நேத்து பெஞ்ச் பிரஸ்..."

"அசையாத" என்றார் பிரேக் சார். அந்தக் குரலில் சத்தமே இல்லை. அதனால்தான் ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

"மாமா, என்ன பண்றீங்க? விளையாடாதீங்க. எனக்கு ஹார்ட்டா? என் சி.ஆர்.பி. புள்ளி ஆறு மாமா!"

"உக்காருடா."

"இல்ல, நான் ஜிம்முக்குப் போய்..." என்று எழுந்தவன், எழுந்த வேகத்தில் முகம் வெளுத்து மறுபடி உட்கார்ந்தான். இந்த முறை தாடையைப் பிடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்தான்.

ஆம்புலன்ஸ் வந்தபிறகும் விடவில்லை. படுத்த வாக்கில் போனை எடுத்து, புள்ளி ஆறு படத்தைத் தேடி நர்ஸிடம் நீட்டினான். நர்ஸ் ஒரு பார்வை பார்த்தார். "நல்ல நம்பர். சட்டையக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் அவ்வளவு பாடுபட்டு வளர்த்த நெஞ்சில் ஒட்டுவயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார்.

பிரேக் சார் கூடவே போனார். வண்டி ஓட்டுநர் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பியபோதுகூட அவர் வாயைத் திறக்கவில்லை. மைத்துனன் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அந்தப் பிடி வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதயத்தின் முன்பக்கம் ஓடுகிற பெரிய குழாயில் அடைப்பு. அவனுக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஜிம்மில் எடை தூக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்று அதே இதய டாக்டர்தான் வெளியே வந்து சொன்னார். பிரேக் சாரின் மனைவி ஆபீஸிலிருந்து காதில் போன் மாட்டும் கருவியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"அவனுக்கு எல்லாம் கம்மியா இருந்துச்சே டாக்டர்!" என்று அழுதாள்.

"கம்மியா இருந்தா வரவே வராதுன்னு யாரும் சொல்லலயேம்மா. அப்பா, பெரியப்பா ரெண்டு பேரும் சின்ன வயசுலயே போயிருக்காங்க. கொழுப்ப ஒரு தடவையாவது பாத்தாரா? பாக்கல. நல்லதாத் தெரிஞ்ச ஒரே ஒரு நம்பரப் பிடிச்சுக்கிட்டு மத்தத எல்லாம் விட்டுட்டாரு."

தொடை வழியாகக் குழாய் விட்டதால், மைத்துனன் காலை அசைக்காமல் மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் பிரேக் சார் உள்ளே போனபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய நெஞ்சு ஆஸ்பத்திரிச் சட்டைக்குள் சின்னதாகத் தெரிந்தது.

"மாமா."

"சொல்லு."

"அன்னைக்கி உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மனைவிகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் கத்தியிருப்பார்.

"ரொம்ப" என்றார். "இப்பவும்தான். தினமும் காலைல கண்ணு முழிச்சதும் மொத வேலையா நெஞ்சத் தொட்டுப் பாப்பேன். உங்க அக்கா கிட்ட சொல்லாத."

மைத்துனன் தலையை ஆட்டினான். அவன் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. கையைத் தூக்கித் துடைக்க முடியாமல் வயர்கள். பிரேக் சார் போர்வை நுனியால் துடைத்துவிட்டார், காதைப் போட்டுக் கசக்கிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

"மாமா, இன்னொண்ணு."

"என்னடா?"

"ஒண்ணுக்கு வருது. எந்திரிக்கக் கூடாதாம். அந்தப் பாட்டில எடுங்க."

பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் அங்கேயே நின்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"நீங்க பாத்துக்கிட்டிருந்தா எப்படி வரும்?"

பிரேக் சார் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றார். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒருவன் காரை ரிவர்ஸ் எடுக்க முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தான். கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான், முட்டாள். அவர் நாக்கை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏதாவது பேசுங்க மாமா, அமைதியா இருந்தா வரவே மாட்டேங்குது."

"என்ன பேச?"

"எதையாவது. திட்டுங்க."

அவருக்கு அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மைத்துனனின் பச்சைச் சாற்றில் ஆரம்பித்து, மூக்கை அடைத்து மூச்சுவிட்ட சாயங்காலங்கள் வரை வந்து, அக்காவைப் பைத்தியமாக்கிய அவனுடைய மருத்துவத் தமிழைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பின்னால் பாட்டிலில் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். வராந்தாவில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.